எழுத்தறிவைக் கேட்டுப் பதிந்தால் போதுமா?

ஆசிரியருக்கு,
மிசோரம், கோவா, திரிபுரா ஆகியவை முழு எழுத்தறிவு மாநிலங்களாக அறிவிக்கப்பட்டது குறித்த தலையங்கம் கண்டேன். மத்திய அரசு 95 சதவீதத்தையே முழு எழுத்தறிவு என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, 7 வயது நிரம்பியோருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று வீட்டாரிடம் கேட்டுப் பதிகிறது. எவரையும் வாசிக்கச் சொல்வதில்லை. வயதுவந்தோருக்கான மத்திய அரசின் எழுத்தறிவுத் திட்டமான 'உல்லாஸ்' நடத்தும் தேர்வு எவ்வளவோ மேல்: வாசிப்பு, எழுத்து, கணக்குக்குத் தலா 50 மதிப்பெண். ஆனால் ஒவ்வொன்றிலும் 33 சதவீதம் எடுத்தாலே தேர்ச்சி.

கற்போர் மையங்களில் கண்கூடாகத் தெரிவது இது: கையெழுத்துப் போடப் பழகியவர்கள், பயிற்சி நின்றதும் கொ, கோ போன்ற இருபுறக் குறியுள்ள எழுத்துகளில்தான் முதலில் தடுமாறுகிறார்கள், வங்கிச் சலானில் தொகையை எழுத்தால் நிரப்ப முடிவதில்லை. மாதிரிக்கு எடுக்கும் வீடுகளிலாவது கணக்கெடுப்பாளர் நான்கு வரி அட்டையைக் கொடுத்து வாசிக்கச் செய்ய வேண்டும். தேறியோரை ஆறு மாதம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.