சான்றிதழைப் பார்த்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்கட்கு,

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயுடன் சென்ற 'நியூ டயமண்ட்' கப்பல் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றி, மாலுமி ஒருவர் உயிரிழந்ததை அம்பாறைக் கரையோர மக்கள் மறக்கவில்லை. எமது கடலைக் கடந்து மட்டும் செல்லும் கப்பலில் நாம் ஏறிச் சோதிப்பது அரிது. அது தரித்த துறைமுகத்தின் பரிசோதகரையே நம்பியிருக்கிறோம். அவ்வாறே, துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களைச் சோதிப்பது பற்றிய இந்து சமுத்திர நாடுகளின் 1998ஆம் ஆண்டுப் புரிந்துணர்வு உடன்படிக்கையில் அங்கம் வகிக்கும் இலங்கையின் பரிசோதகர்களைப் பிறநாட்டுக் கரைகள் நம்பியிருக்கின்றன.

ஆதலால் கொழும்பிலும் திருகோணமலையிலும் கப்பலேறும் அதிகாரிகள் சான்றிதழ்களைப் புரட்டுவதோடு நின்றுவிடாமல், உயிர்காப்புப் படகை இறக்கச் செய்தும், தீயணைப்புப் பம்பியை இயக்கச் செய்தும், கழிவெண்ணெயைக் கள்ளமாகக் கடலில் விடும் குழாய் உண்டா என இயந்திர அறையில் தேடியும் பார்க்க வேண்டும். பாரிய குறைபாடுள்ள கப்பலைத் தடுத்துவைக்கும் அதிகாரம், தாமதத்தால் வருமானம் குறையுமென்ற அச்சத்தில் முடங்கக் கூடாது.

சில காலை வேளைகளில் எமது கரைவலை மடியில் மீனோடு தார் உருண்டைகளும் ஏறுகின்றன. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் வலைக்கண்ணில் அந்தக் கறை போவதில்லை.

இப்படிக்கு,
கரைவலைத் தொழிலாளி ஒருவர்,
திருக்கோவில்.