பொறிக்குப் பின் என்ன ஆடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த பிறகு, சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவிலும் சதுரங்க வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகள் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் போட்டிக்கென்று சில வகுப்புகளில் ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) சொல்லித்தரும் முறை பற்றி, ஒரு தாய் என்ற முறையில் எனக்கு மனக்குறை உண்டு.

சென்ற மாதம் இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில், ஆளுக்கு 5 நிமிடம் என்ற கணக்கில் நடந்த போட்டியில், பதினொரு வயதான என் மகள் வெள்ளைக் காய்களுடன் இத்தாலியன் ஓப்பனிங் ஆடினாள். நான்காவது நகர்த்தலில் குதிரையை ஜி5 கட்டத்துக்குப் பாய்ச்சி, ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லாத எஃப்7 சிப்பாயைக் குறிவைத்தாள். எதிராளி டி5-க்குத் தள்ளிய சிப்பாயை இவள் வெட்ட, அவன் குதிரையால் திருப்பி வெட்டியிருந்தால், எஃப்7-இல் குதிரையைப் பலிகொடுத்து ராஜாவை நடுக்களத்துக்கு இழுக்கும் ‘ஃபிரைடு லிவர்’ தாக்குதல் என்னும் பொறி இவளுக்கு மனப்பாடம். ஏற்காட்டிலிருந்து வந்திருந்த அந்தச் சிறுவனோ வெட்டவில்லை. மற்றொரு குதிரையை ஏ5 ஓரத்துக்கு நகர்த்தி, இவளுடைய பிஷப்பைத் தாக்கினான்.

என் மகளின் கை பலகைக்கு மேலேயே நின்றுவிட்டது. ஒன்றரை நிமிடம் கரைந்த பிறகுதான் பிஷப்பால் செக் வைத்தாள். ஒரு சிப்பாய் மிகுதியாகக் கிடைத்தது உண்மை. ஆனால் அவன் இவளுடைய பிஷப்பையும் குதிரையையும் சிப்பாய்களால் விரட்டிக்கொண்டே தன் காய்களை வெளியே கொண்டுவந்துவிட்டான். அந்தச் சிப்பாய் கையில் இருக்கும்போதே இவள் நேரம் தீர்ந்து தோற்றாள்.

வகுப்பில் கேட்டதற்கு, “சின்னப் பிள்ளைகள் அந்தப் பதிலை ஆடமாட்டார்கள்” என்றார்கள். ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இத்தாலியரான போலேரியோவின் பெயரால் வழங்கும் அந்தப் பதில், இந்த ஓப்பனிங்கைப் படிப்பவர் முதலில் அறிய வேண்டிய ஒன்று. நாற்பது நகர்த்தல் ஆடினால் ஒன்றுக்கு ஏழரை விநாடிதான் கிடைக்கும் ஆட்டத்தில், பலகையின் முன் அமர்ந்து புதிதாக யோசிக்க நேரம் ஏது?

ஆகவே, பொறி ஒன்றைக் கற்பிக்கும் அன்றே அதற்குரிய சரியான பதிலையும், அதன்பின் காய்களை எங்கே நிறுத்துவது என்பதையும் பயிற்சியாளர்கள் சொல்லித்தர வேண்டும் என்று வேண்டுகிறேன். விரட்டப்படும் குதிரை எஃப்3-க்குத் திரும்புவதில் தவறில்லை என்பதை, ஆட்டம் முடிந்ததும் மண்டபப் படிக்கட்டில் பலகையை விரித்து என் மகளுக்குக் காட்டியவன் அந்தச் சிறுவன்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.