கொட்டகையில் தொடங்கிய உணவு வங்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் உணவு வங்கிகளுக்குத் துணைநிற்கும் டிரசல் அறக்கட்டளை, 2000ஆம் ஆண்டில் சால்ஸ்பரி நகரத்து வீடொன்றின் தோட்டக் கொட்டகையில் தன் முதல் உணவு வங்கியைத் தொடங்கியது. 2023-24இல் அதன் மையங்கள் வழங்கிய அவசர உணவுப் பொட்டலங்கள் 31 இலட்சத்தைத் தாண்டின. எந்த அறக்கட்டளையும் பெருமைப்பட முடியாத வளர்ச்சி இது.

மருத்துவரோ சமூகப் பணியாளரோ தரும் பரிந்துரைச் சீட்டுடன் வருவோருக்குப் பொதுவாக மூன்று நாளுக்கான பொருள்கள் தரப்படுகின்றன. முன்பணம் செலுத்தும் எரிவாயு மீட்டரில் பணம் தீர்ந்து அடுப்பெரியாத வீடுகளுக்கு அரிசியும் பாஸ்தாவும் பயன்படா என்பதால், வெந்நீர் ஊற்றினாலே உண்ணக்கூடிய நூடுல்ஸ், சூப் தூள் போன்றவற்றைச் சில மையங்கள் தனிப் பையாகக் கட்டித் தருகின்றன. அந்த ஒரு பையே நெருக்கடியின் ஆழத்தைச் சொல்லிவிடுகிறது.

விலைவாசி ஏறும்போது உதவி கேட்போர் பெருக, கொடுப்போர் கையும் சுருங்குகிறது. பற்றாக்குறையை ஈடுகட்ட மையங்களே காசு கொடுத்துப் பொருள் வாங்க நேர்கிறது. வேலையற்றோருக்கும் குறைந்த வருமானத்தினருக்கும் அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர் முதல் தவணைக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இடையில் பெறும் முன்பணமும் கடன்தான். பின்னர் மாதந்தோறும் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த இடைவெளியை அரசு நீக்காதவரை, தன்னார்வலர்கள் எத்தனை டின்களை அடுக்கினாலும் வரிசை குறையாது.

கிறிஸ்துமஸ் காலத்தில் மட்டும் கொடுக்கும் நம்மவர்கள், தங்கள் பகுதி மையத்துக்கு அப்போதைய தேவை என்னவென்று கேட்டறிந்து, கோடை விடுமுறையிலும் கொடுக்க வேண்டுகிறேன். பள்ளியில் கிடைக்கும் இலவச மதிய உணவு அப்போது நின்றுவிடுகிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், லண்டன்