சொந்தப் படைப்புகளைக் குழுவில் பகிர்வது குறித்து

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கொழும்பிலும் அயலிலும் பணிபுரியும் தமிழ் நிரலாளர்களுக்கான இக்குழுவில், தமது செயலி அல்லது கட்டண வகுப்பின் இணைப்பை மட்டும் இட்டுவிட்டு, அதைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளுக்கு மறுமொழி கூறாமலேயே சிலர் விலகிவிடுகின்றனர். சொந்தப் படைப்பைப் பகிர்வதற்குத் தடையில்லை. எனினும் அது உங்களுடையது என்பதை முதல் வரியிலேயே தெரிவிக்க வேண்டும். தமது கருவியைப் பரிந்துரைப்பவர் அதனுடனான தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்பது நிரலாக்கக் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் விதியே. தொழில்நுட்பச் செய்திகளைப் பகிரும் தளமான ஹேக்கர் நியூஸில், சொந்தப் படைப்புகளைக் காட்டுவதற்கான ‘ஷோ எச்என்’ பகுதியிலோ, பிறர் பயன்படுத்திப் பார்க்கக்கூடிய படைப்புகளுக்கு இடமுண்டு, மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் முன்பதிவுப் பக்கங்களுக்கு இல்லை. இவ்விரு விதிகளும் இனி நமக்கும் பொருந்தும்.

இணைப்புடன், என்ன சிக்கலைத் தீர்க்க முயன்றீர்கள், எந்த நிரல்மொழியில் எழுதினீர்கள், எங்கே தடுமாறினீர்கள் என்பதையும் எழுதுங்கள்; உறுப்பினர்கள் விரும்பி வாசிப்பது அதைத்தான். ஒருவர் பிழைச்செய்தியுடன் உதவி கேட்கும்போது, விடை கூறாமல் உங்கள் வகுப்பில் சேருமாறு அழைப்பது முறையன்று. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உங்கள் படைப்புக்கு நட்சத்திரம் (விருப்பக்குறி) இடுமாறு தனிச்செய்தியில் வற்புறுத்துவதையும் தவிர்க்கவும். (கொழும்பு வெள்ளவத்தையில் நேரில் கண்டு கேட்பதைத் தடுக்க எமக்கு அதிகாரமில்லை.)

கட்டண வகுப்பு விளம்பரங்களை வெள்ளிக்கிழமைகளில் மட்டும், கட்டணத்தை ரூபாயில் குறிப்பிட்டு இடலாம், ஏனையவை நீக்கப்படும்.

இங்ஙனம்,
குழு நிர்வாகிகள்