மார்செய் நகரைப் படம் எடுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். நீ பிரான்சின் தென்கரையிலுள்ள மார்செய் போய்ச் சேர்ந்ததிலிருந்து எடுத்து அனுப்பிய படங்களை நேற்றிரவு பெரிய திரையில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்த ஊரில் சில காலம் வேலை பார்த்து, விடுமுறை நாள்களில் கேமராவும் கையுமாக அதன் கரை நெடுக நடந்தவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போகிற வேறு சிலருக்கும் பயன்படலாம் என்பதால் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

உன் படங்களில் பெரும்பாலானவை கடலில் சூரியன் இறங்கும் காட்சிகள். புதுச்சேரியில் வளர்ந்தவனுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. நம் கடல் கிழக்கே இருப்பதால், கடற்கரைச் சாலையில் உட்கார்ந்திருப்பவனுக்கு மாலைச் சூரியன் முதுகுப் பக்கம் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துபோகும். மார்செயின் கடல் மேற்கே இருக்கிறது. ஆனால் இதில் கவனிக்க வேண்டிய சங்கதி சூரியன் கடலில் விழுவது அல்ல, அது விழும் நேரத்தில் அதன் வெளிச்சம் முழுவதும் நகரத்தின் முகத்தில் நேராகப் போய் விழுகிறது என்பதுதான். எல்லாரும் கடலைப் பார்த்துக் கேமராவை நீட்டிக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரம் நீ கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நான் சொல்ல வந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். மற்றவை இதன் விளக்கம்.

முதலில் அந்த ஊரின் கல்லைப் புரிந்துகொள். நகரத்தைச் சுற்றியுள்ள குன்றுகள் வெளிறிய சுண்ணாம்புப் பாறைகள். கட்டடங்களிலும் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லே. சுமார் 150 மீட்டர் உயரக் குன்றின் மேல் நிற்கும் நோத்ர் தாம் து லா கார்ட் பேராலயமும் (1864இல் அர்ச்சிக்கப்பட்டது), துறைமுகத்துக்கு அருகில் 1852இல் தொடங்கி 1893இல் முடிந்த லா மஜோர் பேராலயமும் வெள்ளைக் கல்லும் பச்சைக் கல்லும் மாறிமாறி அடுக்கிய வரிகளால் ஆனவை. நண்பகல் வெயிலில் இந்தக் கல் கண்ணைக் கூச வைக்கும் வெறும் வெள்ளையாக இருக்கும். அப்போது எடுத்த படத்தில் வரிகள் கூடத் தெரியாது. அதே சுவர் மாலையில் முதலில் வெண்ணெய் நிறத்துக்கும், பிறகு இளஞ்சிவப்புக்கும், சூரியன் மறைந்த சில நிமிடங்களில் நீலச் சாம்பலுக்கும் மாறுவதைத் திரைக்காட்சி போலப் பார்க்கலாம். கேமராவின் ஒளிமானி வெள்ளைச் சுவரைக் கண்டால் அதைச் சாம்பலாக்கவே முயலும் என்பதால், வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது) அளவுக்குக் கூட்டி வை. ஆனால் திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. உன் நோத்ர் தாம் கோபுரப் படத்தில் உச்சியில் உள்ள பொன்முலாம் பூசிய மாதா சிலை வெறும் வெள்ளைப் பொட்டாகப் போனது அதனால்தான். அந்தச் சிலை 11 மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான உயரம். நகரின் எந்த மூலையிலிருந்து எடுத்தாலும் அது சட்டகத்துக்குள் வந்து நிற்கும் என்பதால், அதன் பொன்னிறத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொள்வது நல்லது.

பழைய துறைமுகத்தின் அமைப்பையும் மனத்தில் வை. அது கிழக்கு மேற்காக நீண்டு, மேற்கு முனையில் இரண்டு கோட்டைகளுக்கு நடுவே கடலுக்குத் திறக்கிறது. எனவே காலையில் கிழக்கு முனையில் நின்று மேற்கே பார்த்தால் பாய்மரங்களும் கோட்டைகளும் நேர் வெளிச்சத்தில் இருக்கும். மாலையில் அதே இடத்திலிருந்து கறுத்த பாய்மரக் கம்புகள்தான் கிடைக்கும். தெற்கே பார்த்த வடகரைக் கட்டடங்களுக்கு நாள் முழுவதும் வெயில் உண்டு, தென்கரையோ குளிர்காலத்தில் பெரும்பாலும் நிழலில்தான் கிடக்கும். கிழக்கு முனையில் காலையில் மீன் சந்தை நடக்கும். அதற்குப் பக்கத்திலேயே நார்மன் ஃபாஸ்டரின் அலுவலகம் வடிவமைத்து 2013இல் திறந்த, மெருகேற்றிய துருப்பிடிக்காத எஃகுக் கூரை மெல்லிய தூண்களின் மேல் நிற்கிறது. அதன் அடிப்பக்கம் முழுவதும் முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். எல்லாரும் அண்ணாந்து தங்களையே எடுத்துக்கொள்கிறார்கள். நீ சற்றுத் தள்ளிப் போய், நீண்ட லென்ஸைப் போட்டுக் கூரையின் விளிம்பைப் பார்: தண்ணீர், படகுகள், ஈரமான தரைக்கல், ஆழமற்ற தொட்டிகளில் இன்னும் வாலை அடித்துக்கொண்டிருக்கும் மீன்களை விற்கும் பெண்மணியின் கை, எல்லாம் தலைகீழாக ஒரே பட்டையில் வந்து சேரும்.

வடகரையைப் பற்றி ஒன்று. நீ "பழைய நகரம்" என்று குறிப்பெழுதி அனுப்பிய படத்தில் இருப்பது பழைய நகரம் அல்ல. 1943 ஜனவரியில் ஜெர்மன் படையும் பிரெஞ்சுக் காவல் துறையும் சேர்ந்து அந்தக் கரையிலிருந்த மக்களை வெளியேற்றி, பிப்ரவரியில் சுமார் 14 ஹெக்டேர் பரப்பில் 1,500 கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் நகர மன்றக் கட்டடமும் இன்னும் ஒருசிலவும் மட்டும் தப்பின. இன்று தண்ணீரையொட்டி வரிசையாக நிற்கும் தேன் நிறக் கல் கட்டடங்கள் ஃபெர்னான் புய்யோன் முதலிய கட்டடக் கலைஞர்கள் போருக்குப் பிறகு எழுப்பியவை. உண்மையான பழைய தெருக்கள் அவற்றுக்குப் பின்னால் மேட்டில், லெ பானியே பகுதியில் மிஞ்சியிருக்கின்றன. அதே துறைமுகத்தின் வாயில் 1905இல் கட்டிய ஒரு இரும்புப் பாலம் இருந்தது; உயரமான இரு கோபுரங்களுக்கு இடையே கம்பிகளில் தொங்கும் மேடை வண்டிகளையும் ஆட்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகும். 1920களின் இறுதியில் மொஹோலி-நாட்ஜ், ஜெர்மேன் க்ருல் போன்ற ஒளிப்படக் கலைஞர்கள் அதன் மேல் ஏறி இரும்புச் சட்டங்களின் இடுக்கு வழியாகக் கீழே படகுகளைப் பார்த்து எடுத்த படங்கள் நவீன ஒளிப்படக் கலையின் பாடங்களாகிவிட்டன. 1944 ஆகஸ்டில் ஜெர்மானியர் அதன் ஒரு கோபுரத்தை வீழ்த்த, மிச்சம் அடுத்த ஆண்டு அகற்றப்பட்டது. அந்தக் கோணம் இனி யாருக்கும் கிடைக்காது. துறைமுக வாயைப் படம் எடுக்கும்போது அந்த வெற்றிடத்தை அறிந்து எடுப்பவனின் படமும், அறியாமல் எடுப்பவனின் படமும் ஒன்றாக இருக்காது என்பது என் துணிபு.

இனி காற்று. அந்த ஊரில் படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது மணியைவிட மிஸ்ட்ரல் காற்றுதான். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து வறண்டு குளிர்ந்து இறங்கும் அந்தக் காற்று, காற்றிலுள்ள ஈரத்தையும் தூசியையும் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். அது வீசும் நாளிலும் ஓய்ந்த மறுநாளிலும் பல கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள குன்றின் ஒவ்வொரு மடிப்பும் கத்தியால் கீறியது போலத் தெரியும். அது இல்லாத கோடை நாள்களில் கடல் மேல் பால் கலந்தது போன்ற மூட்டம் கிடக்கும். அப்போது தொலைதூரக் காட்சியை விட்டுவிட்டுச் சந்துகளுக்குள் போய்விடுவது உத்தமம். மிஸ்ட்ரலில் முக்காலியை முழு உயரத்துக்கு விரிக்காதே, நடுத்தண்டை உயர்த்தாதே, பையை அதன் கொக்கியில் தொங்கவிட்டால் ஊஞ்சலாடி அதுவே ஆட்டத்தைக் கூட்டும், ஆகவே பை தரையில் தொடுமாறு இறக்கி வை. கோர்னிஷ் என்னும் கடலோரச் சாலையில் அலை சுவரில் மோதித் தெறிக்கும் நாளில் லென்ஸின் முன் கண்ணாடியில் உப்பு படியும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும் என்பதால் முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடு. இன்னொன்று: அகன்ற கோண லென்ஸில் வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் வடிகட்டியை மாட்டி எடுத்த உன் படங்களில் வானத்தின் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறு பக்கம் வெளிறியும் இருக்கிறது. மிஸ்ட்ரல் துடைத்த வானத்துக்குப் போலரைசரே தேவையில்லை, கழற்றிப் பையில் போடு.

நகரத்துக்கு முதுகு அல்ல, கடலுக்கு முதுகு என்றேன் அல்லவா? அதற்கு மூன்று இடங்கள் போதும். துறைமுக வாயின் தென்பக்கத்தில் உள்ள ஃபாரோ தோட்டத்திலிருந்து வடக்கே பார்த்தால், சேன் ழான் கோட்டை, அதற்கடுத்து ரூடி ரிச்சியோத்தி வடிவமைத்து 2013இல் திறந்த ம்யூசெம் அருங்காட்சியகம், பின்னால் லா மஜோரின் குவிமாடங்கள் என்று பல நூற்றாண்டுகள் ஒரே வரிசையில் மாலை வெயிலை வாங்கிக்கொண்டு நிற்கும். இரண்டாவது, கோர்னிஷ் சாலைப் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும் வலோன் தெ சோஃப் என்னும் சிறு மீனவத் துறை. அங்கே எல்லாரும் வளைவு வழியாகத் தெரியும் சூரியனையே எடுக்கிறார்கள். அதே வளைவு வழியாகத்தான் வெயில் உள்ளே நுழைகிறது. திரும்பிப் பார்த்தால், கூரான முனையுள்ள மரப் படகுகளின் விளிம்பிலும், சுவரில் காயும் வலையிலும், வீட்டுச் சன்னலின் பச்சைக் கதவிலும் வளைவின் வடிவமாகவே வெட்டிய வெளிச்சம் மெல்ல மேலேறிப் போகும். மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு என்பதால், படகுகளின் மட்டம் மாறாது. அமைதியான நாளில் சட்டகத்தை ஒருமுறை அமைத்துவிட்டு வெளிச்சத்துக்காகப் பொறுமையாகக் காத்திருக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். பழைய துறைமுகத்திலிருந்து இஃப் தீவுக்கும் ஃபிரியூல் தீவுகளுக்கும் படகு போகிறது. பெரும்பாலானோர் இஃப் கோட்டைச் சிறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீ ஃபிரியூலில் இறங்கி, கரையை நோக்கிய பக்கத்தில் மேட்டுக்கு ஏறு. இடது ஓரத்தில் கப்பல் நிறுவனம் ஒன்றுக்காக ஸாஹா ஹதீத் வடிவமைத்த கண்ணாடிக் கோபுரம், நடுவே நோத்ர் தாம் கோபுரமும் மாதாவும், வலப்புறம் கடலுக்குள் இறங்கும் வெள்ளை மலைகள், பின்னணியில் நகரத்தை வளைத்து நிற்கும் குன்றுகள், இவை அனைத்தும் மாலையில் ஒரே நேரத்தில் சிவக்கும். கப்பலில் வந்து இறங்கியவர்கள் எல்லாரும் இந்த ஊரை இந்தப் பக்கத்திலிருந்துதான் முதலில் பார்த்தார்கள். மெஸ்ஸாழரி மாரித்தீம் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் கப்பல்களில் புதுச்சேரியிலிருந்து சூயஸ் வழியாக வந்த நம் ஊர்க்காரர்களும் அவர்களில் சேர்த்தி. கடைசிப் படகின் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள். காற்று கடுமையானால் படகை நிறுத்திவிடுவதும் உண்டு.

சூரியனைப் பார்த்து எடுக்கவே கூடாதா என்று நீ கேட்பாய். ஒரு காட்சிக்காக எடுக்கலாம். கோடையின் நடுவில் சூரியன் வடமேற்கே கோத் ப்ளூ குன்றுகளுக்குப் பின்னால் மறைவதால், அப்போது திறந்த கடலில் இறங்கும் காட்சியே கிடைக்காது. அக்டோபர் கடைசியிலும் பிப்ரவரி முன்பகுதியிலும் அது சரியாக கனிகூ மலையின் திசையில் இறங்கும். ஸ்பெயின் எல்லைக்கு அருகிலுள்ள அந்த 2,784 மீட்டர் மலை மார்செயிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில், பூமியின் வளைவுக்கு அப்பால் ஏறக்குறைய மறைந்தே இருக்கிறது. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் அதன் உச்சி மட்டும் எட்டிப் பார்க்கும்; தெளிந்த மாலையில் சிவந்த சூரிய வட்டத்தின் நடுவே கறுத்த மலை முகடு தோன்றும். 1808இல் ஃபோன் ட்சாக் என்னும் வானியலாளர் நோத்ர் தாம் து லா கார்ட் குன்றிலிருந்து இதைக் கண்டு பதிவு செய்தார். 400 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் வேண்டும், இருப்பது சில நிமிடங்களே. பார்வைத் துளை வழியாகச் சூரியனைக் கண்ணால் பார்க்காதே, திரையைப் பயன்படுத்து.

சூரியன் மறைந்ததும் முக்காலியை மடக்கிவிடாதே. நம் ஊரில் அந்தி சட்டென்று முடிந்துவிடும். 43 பாகை அட்சரேகையில் உள்ள மார்செயில் சூரியன் சாய்வாக இறங்குவதால், கோடையில் அந்தி வெளிச்சம் அரை மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். தெரு விளக்குகளின் மஞ்சளும் வானத்தின் நீலமும் சமமாகும் கட்டம் அதற்குள் நிதானமாக வந்து போகும்.

கடைசியாக ஒரு சட்ட விஷயம். அடுத்த ஆண்டு ஊரில் கண்காட்சி வைத்து அஞ்சலட்டைகளாக அச்சிட்டு விற்கும் எண்ணம் இருப்பதாக எழுதியிருந்தாய். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கட்டடங்களைப் படம் எடுத்து வெளியிடத் தாராளமாக அனுமதிக்கிறது. பிரான்சில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் பொது வீதியில் நிலையாக உள்ள கட்டடங்களின் படங்களுக்குத் தந்த விலக்கு, தனிநபர்கள் வணிக நோக்கமின்றி வெளியிடுவதற்கு மட்டுமே. கட்டடக் கலைஞர் இறந்து 70 ஆண்டுகள்வரை உரிமை நீடிக்கும் என்பதால், ம்யூசெம், ஃபாஸ்டரின் எஃகுக் கூரை, ஹதீதின் கோபுரம், 1965இல் மறைந்த லெ கொர்பூசியேயின் அடுக்ககம் ஆகியவற்றை முதன்மைப் பொருளாக வைத்து எடுத்த படங்களை அந்த நாட்டில் விற்பதானால் அனுமதி கேட்க வேண்டும். பேராலயங்களுக்கும் கோட்டைகளுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. மீன் விற்கும் பெண்மணியின் முகம் அடையாளம் தெரியுமாறு இருந்தால் அவரிடமும் கேட்டுவிடு. முதலில் மீன் வாங்கிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எதை அச்சிடுவது என்று தேர்ந்தெடுப்பதற்கு முன்பு ஃபிரியூலிலிருந்து எடுத்தவற்றை எனக்கு அனுப்பு, ஜேபெக்காக அல்ல, கேமரா பதிந்தபடியே சுருக்காமல் இருக்கும் ரா கோப்புகளாகவே.

அன்புடன்,
அண்ணன்