ரவுட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவகங்கை மாவட்டம் இளையான்குடி வட்டத்தில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய ஒரு சிறு கட்டடத்தில் பதினோரு ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை நடத்தி வருகிறேன். நகல் எடுப்பது பெயருக்குத்தான். பட்டா எடுத்துக் கொடுப்பது, அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிப்பது, குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது, மாணவர்களுக்கு உதவித்தொகைப் படிவம் நிரப்புவது என்று கடையின் பிழைப்பு முழுவதும் இணையத்தை நம்பியே இருக்கிறது. கண்ணாடியிழை இணைப்பு எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கும் திட்டம் இருந்தாலும், அந்தக் கம்பி கடைவாசலை எட்டும்வரை எங்களைப் போன்றவர்களுக்கு சிம் அட்டை போட்டு இயக்கும் வைஃபை ரவுட்டரே கதி. அந்தக் கருவியை வாங்கிய அன்றே செய்திருக்க வேண்டிய, கடவுச்சொல்லை மாற்றும் பத்து நிமிட வேலையை நான் செய்யாமல் விட்டதால் பிறருடைய ஆவணங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லவும், இத்தகைய கருவிகளை விற்பவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவுமே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளன்று, ஏழெட்டுப் பிள்ளைகள் சான்றிதழ்களோடு வரிசையில் நிற்கையில், காலை பதினொரு மணிக்கே இணையம் படுத்துவிட்டது. புகைப்படம் ஒன்றை ஏற்றக் கால் மணி நேரம் ஆயிற்று. முந்தைய நாட்களிலும் இப்படித்தான் ஆகியிருந்தது என்பதால் கைபேசிக் கோபுரத்தில்தான் கோளாறு என்று நினைத்துக் கைபேசி நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் நாளொன்றுக்குரிய 2 ஜிபி அளவு தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. அதைத் தெரிவிக்கும் குறுஞ்செய்தி ஒவ்வொரு நாளும் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சிம் ரவுட்டருக்குள் இருப்பதால் செய்தியும் ரவுட்டருக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது, என் கைபேசிக்கு வரவில்லை.

அன்று மாலை ஒரு கல்லூரி மாணவர் தயங்கித் தயங்கி வந்து தன் கைபேசியைக் காட்டினார். என் கடைக் கணினியில் ஆவணங்களை வருடி வைக்கும் ‘ஸ்கேன்’ என்ற கோப்புறை அவருடைய கைபேசித் திரையில் திறந்திருந்தது. ஆதார் அட்டைகள், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், கையெழுத்துப் படங்கள், ஒரு விதவைச் சான்றிதழ். நான் வாயடைத்துப் போனேன். இரண்டு கணினிகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அந்தக் கோப்புறையைக் கடவுச்சொல் இல்லாமல் பகிர்ந்து வைத்திருந்தவன் நானே. வைஃபைக்குள் யார் நுழைந்தாலும் அவர்கள் கண்ணுக்கும் அது படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் எப்படி நுழைந்தார் என்று கேட்டபோது, நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் பலரும் என் வைஃபையைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று உண்மையைச் சொன்னார். சிக்னல் நன்றாகக் கிடைக்கட்டும் என்று ரவுட்டரை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தேன். அதன் முதுகு தெருவைப் பார்த்திருந்தது. அந்த முதுகில் வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும், போதாக்குறைக்கு கேமராவைக் காட்டினால் தானாக இணைத்துவிடும் கியூஆர் சதுரமும் அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, என்னுடைய நான்கு கருவிகளோடு சேர்த்துப் பதினொன்று இணைந்திருந்தன.

மறுநாள் முதல் ஒரு வாரம், அந்தக் கோப்புறையில் ஆவணம் இருந்த ஒவ்வொருவரையும் தேடிச் சொன்னேன். முதியோர் உதவித்தொகை வாங்கும் ஒரு அம்மா, “என் பணம் போயிடுமாப்பா?” என்று கேட்டார். போகாது என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. அவருடைய ஆதாரின் கைரேகைப் பயன்பாட்டை ஆதார் ஆணையத்தின் தளத்தில் பூட்டி வைத்து, பணம் எடுக்க வேண்டிய நாளில் திறந்து கொடுத்து வருகிறேன். இதுவரை யாருக்கும் இழப்பு நேரவில்லை. ஆனால் அந்த அம்மாவின் கேள்வியை நான் மறக்கவில்லை.

கருவியை எனக்கு விற்ற கடையில் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிம்மைப் போட்டார்கள், விளக்கு பச்சையாக எரிவதைக் காட்டினார்கள், பணத்தை வாங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான் நடக்கிறது. இணையம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று விற்பவரும் நினைக்கிறார், வாங்குபவரும் நினைக்கிறார். இணையம் வராவிட்டால்கூட, பெரும்பாலும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஏபிஎன் (சிம் எந்த வழியாக இணையத்தில் சேர வேண்டும் என்று சொல்லும் பெயர்) என்ற இடத்தில் அந்தந்த நிறுவனத்துக்குரிய பெயரை, உதாரணமாக பிஎஸ்என்எல் என்றால் ‘பிஎஸ்என்எல்நெட்’ என்று ஆங்கில எழுத்தில், சேர்த்துச் சேமித்தால் சரியாகிவிடும். வாங்கும்போதே அந்த நிறுவனம் நம் பகுதியில் பயன்படுத்தும் அலைவரிசையைக் கருவி ஏற்குமா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் பயன்படுவதால், அதை ஏற்காத பழைய கருவியை வாங்கிவிட்டுக் கோபுரத்தைக் குறைசொல்வது வீண். இவ்வளவும் எளிது, கேட்டால் யாரும் சொல்வார்கள். யாரும் சொல்லாதது, மாற்ற வேண்டிய கடவுச்சொற்கள் இரண்டு என்பதைத்தான்.

முதலாவது, வைஃபையில் சேர்வதற்கான கடவுச்சொல். இரண்டாவது, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கான கடவுச்சொல். வைஃபையில் இணைந்த ஒருவர் உலாவியில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ, கருவியின் தாளில் அச்சிட்டிருக்கும் எண்ணையோ தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். பல கருவிகளில் அதற்குள் நுழையும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ‘அட்மின்’ என்ற ஒரே சொல்லாகவே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. வைஃபை கடவுச்சொல்லை மாற்றியவர்களில்கூட இதை மாற்றியவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. இதற்குள் நுழைந்தவர் நம்மையே வெளியே தள்ளிப் பூட்டிவிடலாம். நாம் வங்கித் தளத்தின் முகவரியைத் தட்டினால் போலித் தளத்துக்குப் போகும்படி, தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இருப்பிடத்தைத் தேடித் தரும் டிஎன்எஸ் என்ற சேவையின் எண்ணை மாற்றிவைக்கலாம். சிம் போடும் ரவுட்டரில் மட்டும் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்தச் சிம்முக்கு வரும் குறுஞ்செய்திகள் பல கருவிகளில் இதே பக்கத்தில்தான் பட்டியலாகத் தெரியும். வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று வங்கிக் கணக்கோடு இணைத்த பழைய எண்ணை ரவுட்டரில் போட்டு வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய ஓடிபி எல்லாம் ‘அட்மின்’ என்று தட்டத் தெரிந்த எவர் கண்ணிலும் படும். ரவுட்டருக்கென்று தனிச் சிம் வாங்குங்கள்; அந்த எண்ணை ஆதாருக்கோ வங்கிக்கோ கொடுக்காதீர்கள்.

கடவுச்சொல்லை மாற்றுகிறவர்களும் பெரும்பாலும் தங்கள் கைபேசி எண்ணையே வைக்கிறார்கள். அதே எண் கடைப் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கிறது. பலகையே இல்லாவிட்டாலும், பத்து இலக்க எண்ணைக் கணினியைக் கொண்டு முயன்று முயன்று கண்டுபிடிப்பது இன்று கடினமே அல்ல. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி, நடுவில் ஓர் எண்ணைச் செருகினால் நினைவில் நிற்கும், எளிதில் உடையாது. 63 எழுத்துகள் வரை இடமுண்டு. பாதுகாப்பு முறை என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 இருக்க வேண்டும், கருவியில் டபிள்யூபிஏ3 இருந்தால் இன்னும் நல்லது. டபிள்யூஇபி என்ற பழைய முறையின் ஓட்டை 2001-லேயே வெளிப்பட்டுவிட்டது. அதைத் தேர்ந்தெடுப்பது கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளைப் போடாமல் உறங்குவதற்கு ஒப்பாகும்.

அடுத்து, டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிட வேண்டும். கடவுச்சொல் தட்டாமலே இணைவதற்காக வைத்த எட்டு இலக்கக் குறியீடு அது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். மேலும் முதல் நான்கு இலக்கம் சரியா தவறா என்பதை ரவுட்டர் தனியாகச் சொல்லிவிடுகிறது. ஆகவே அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கதவு திறந்துவிடும் என்று 2011-இல் கண்டறிந்து சொன்னார்கள். நாம் எவ்வளவு வலுவான கடவுச்சொல் வைத்தாலும் இந்தப் பக்கவாசல் திறந்திருந்தால் பயனில்லை. வைஃபை பெயரை மறைத்து வைப்பதையும், குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும் பட்டியலையும் சிலர் பெரிய பாதுகாப்பாகச் சொல்கிறார்கள். தெரிந்தவனுக்கு இரண்டும் தடையல்ல.

நம் இணைப்பை இன்னொருவன் பயன்படுத்தினால் டேட்டாதானே போகும் என்று நினைப்பவர்களுக்கு 2008-ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன். அவ்வாண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நிகழ்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் இணைய இணைப்பிலிருந்து போயிருந்தது. அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்திவிட்டார்கள். காவல்துறை முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில். கணினிகளைக் கொடுத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தன் பக்க நியாயத்தை அவர் விளக்க வேண்டியதாயிற்று. எங்கள் பேருந்து நிறுத்தத்தில் நின்று யாராவது என் இணைப்பின் வழியாக ஒரு மோசடி செய்திருந்தால், தேடிவரும் காவலர் என் கடைக்குத்தான் வந்திருப்பார்.

தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதன் விளைவு உலக அளவிலும் தெரிந்ததே. 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களின் ஒரு சிறு பட்டியலைக் கொண்டே கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் இலட்சக்கணக்கில் புகுந்து, அவற்றை ஏவிப் பெரிய இணையத்தளங்களை முடக்கியது. இதற்குப் பிறகு, எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதைக் கலிபோர்னியா மாநிலம் 2020 முதலும், பிரிட்டன் 2024 ஏப்ரல் முதலும் சட்டத்தால் தடுத்துள்ளன. நம் நாட்டில் எந்த விதி வந்தாலும், கடைகளில் ஏற்கெனவே அடுக்கியிருக்கும் பழைய சரக்கும், கைமாறி வரும் பழைய கருவிகளும் அப்படியேதான் இருக்கும். கைமாறி வாங்குபவர், குண்டூசியால் அழுத்தும் ரீசெட் துளையை முதலில் அழுத்திவிட வேண்டும். ஆனால் அதை அழுத்தியதும் தாளில் உள்ள பழைய கடவுச்சொல்லே திரும்பி வந்துவிடும் என்பதால், எல்லாவற்றையும் மீண்டும் மாற்ற வேண்டும். அந்தத் துளை வாடிக்கையாளர் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதும் ஆபத்துதான்.

என் கடையில் இப்போது ரவுட்டர் உள்சுவரில் உயரத்தில் இருக்கிறது. ஜன்னலைவிடச் சிக்னல் சற்றுக் குறைவு, வேலைக்குப் போதும். தாளைக் கிழித்து வீட்டில் வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் ஆவணம் அனுப்ப வேண்டிய வாடிக்கையாளர்களுக்கு விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்றைத் திறந்திருக்கிறேன். அதில் சேர்ந்தவர்களுக்கு இணையம் கிடைக்கும், என் கணினிகள் தெரியாது. அதன் கடவுச்சொல்லை ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாற்றுகிறேன். வருடிய ஆவணங்களை அன்றன்றே அழித்துவிடுகிறேன். மாதம் ஒருமுறை அமைப்புப் பக்கத்தைத் திறந்து மென்பொருள் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்றும், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்றும் பார்க்கிறேன். பேட்டரி உள்ள சிறு ரவுட்டரை இரவும் பகலும் சார்ஜிலேயே வைத்திருப்பவர்கள், பேட்டரி உப்பியிருக்கிறதா என்பதையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவிலேயே ஒன்று மூடியைப் பிளந்துகொண்டு நின்றது.

ரவுட்டர் விற்கும் கடைக்காரர்களிடமும் சிம் நிறுவனங்களின் முகவர்களிடமும் நான் வேண்டுவது இதுவே. விளக்கு எரிவதைக் காட்டியதோடு நிறுத்தாமல், வாங்குபவர் கையாலேயே இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றவைத்து, டபிள்யூபிஎஸ்ஸை அணைத்து, அதன் பிறகு பணம் வாங்குங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஆங்கிலத் துண்டுச் சீட்டை எங்கள் ஊரில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தமிழில் ஒரு பக்க வழிகாட்டியை எல்லாப் பெட்டியிலும் வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட வேண்டும். பிறருடைய ஆவணங்களைக் கையாளும் ஜெராக்ஸ் கடைகளும் இணையச் சேவைக் கடைகளும் இந்தக் கடவுச்சொல் மாற்றத்தை முதலில் செய்ய வேண்டும். நாம் தொலைப்பது நம்முடையதல்ல. இளையான்குடி வட்டாரத்தில் யார் ரவுட்டரைக் கொண்டுவந்தாலும், மாலை ஆறு மணிக்கு மேல் கட்டணமில்லாமல் கடவுச்சொற்களை மாற்றிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்துபவர்,
இளையான்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்