செயலாளரின் ஆண்டறிக்கை

நம் நாய் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினத்தன்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம் நடந்தது. தீபாவளி வெடிச் சத்தத்தில் நாய்கள் மிரண்டு ஓடாமல் இருக்க அறிவுரைத் தாள் அச்சடித்துக் கொடுத்தோம். செயற்குழு வழக்கம்போல் கூடியது.

இந்த ஆண்டின் பெரிய வேலை, தை மாதத்தில் மதுரைக்கு அருகே கீழக்குயில்குடிப் பக்கம் ஸ்பானியல் இன நாய்களைக் கூட்டிக்கொண்டு நாம் போன நடை. 'ஸ்பானியல் மட்டும் ஏன், நம்ம ஊர் நாய்கள் எங்கே?' என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டும் நாய்கள். எதிரே ஆட்டு மந்தை வந்தால் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. ஸ்பானியல், மூக்கைத் தரையில் வைத்துப் புதருக்குள் இருக்கும் பறவையைக் கிளப்பிவிடுவதற்காக வளர்க்கப்பட்ட இனம். அப்படிப்பட்ட நாயை மாட்டுத்தாவணிப் பக்கமும் எல்லீஸ் நகரிலும் மாடி வீட்டில் அடைத்து வைத்திருக்கிறோம். உடம்பு பெருத்து, காது சீழ்பிடித்து டாக்டரிடம் போவதில் பாதி அதுகள்தான். அதுகளுக்குத்தான் முதலில் வயல்காட்டைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அங்குள்ள சமணர் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் மலையில் கால் வைக்கவில்லை. கீழே கண்மாய்க் கரையிலும் வரப்பிலும் மட்டும் நடந்தோம். அங்கே மயில் அதிகம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பறவை. அதனால் எல்லா நாய்க்கும் நீளக் கயிறு. எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து ஊசி போட்டவற்றைத் தவிர வேறு எதையும் தண்ணீரில் இறங்க விடவில்லை. விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறித் தரை சுடுவதற்குள் முடித்துவிட்டோம்.

மொசைக் தரையைத் தவிர எதையும் மிதித்தறியாத ஒரு காக்கர் ஸ்பானியல், ஈர வரப்பில் மூக்கை வைத்ததும் வால் நிற்கவே இல்லை. வளர்ப்பவரே கண் கலங்கிவிட்டார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "காது இம்புட்டு நீளமா இருக்கே, சோறு திங்கும்போது என்ன செய்யும்?" என்று கேட்டுவிட்டு, மந்தையைத் தள்ளி ஓட்டி நமக்கு வழிவிட்டார். திரும்பியதும் கால்விரல் இடுக்கிலும் காதுமடலிலும் ஒட்டுப்புல், நெருஞ்சி, உண்ணி எல்லாம் பார்த்து எடுத்து, காதைத் துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகுதான் வண்டியில் ஏற்றினோம். உண்ணிக் காய்ச்சலில் நாயைப் பறிகொடுத்தவர்கள் நம்மிலேயே உண்டு.

சரி, வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயர் கொடுத்தவர்கள் 18 பேர். வந்தவர்கள் 9 பேர். வராத யாரும் முதல்நாள் ஒரு போன்கூடச் செய்யவில்லை. வேன், கால்நடை டாக்டர், தண்ணீர், இட்லி எல்லாம் 18 பேருக்குச் சொன்னது. அந்தச் செலவு சங்கத்தின் தலையில் விழுந்தது. சந்தா கட்டாதவர்கள் பாதிக்கு மேல் இருக்கும் சங்கம் எத்தனை முறை இப்படித் தாங்கும்?

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறத்தாழ சரிக்குச் சரி. கையிருப்பு கொஞ்சம் உள்ளது. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.

ஊசி முகாமுக்கு வந்த டாக்டருக்கும், நடையில் உடன் வந்த டாக்டருக்கும், கண்மாய்க்கரையில் நடக்கச் சம்மதித்த ஊர்க்காரர்களுக்கும், வேன் ஓட்டுநருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு அரிட்டாபட்டிக்குப் போகலாம் என்று சிலர் கேட்கிறார்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. வல்லூறுகள் வாழும் பாறைகள் உள்ள ஊர். பறவையைக் கிளப்பும் நாயைக் கூட்டிக்கொண்டு அங்கே போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கீழக்குயில்குடிக்கே மறுபடியும் போகலாம். நாட்டு நாய்களுக்குத் தனியாக ஒரு நாள், ஆடு மேயாத இடமாகப் பார்த்து வைக்கலாம். இரண்டுக்கும் டாக்டரை இப்போதே பேசிவைக்க வேண்டும், முன்பணம் வேண்டும். என்னைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் முன்வந்தால் இன்றே நோட்டுகளை ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்கிறேன். ஆனால் வீடு வீடாகப் போய்ச் சந்தா கேட்க என்னால் இனி முடியாது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். பாக்கி உள்ளவர்கள் காபி குடித்துவிட்டு அவரைப் பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்